நூற்றுக்கு ஒன்றரைப் பேர்: திருகோணமலையில் ஒரு வரலாற்று வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் சனிக்கிழமை காலைகளில் உயர்தர வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு ஓர் இலவச வகுப்பு நடக்கிறது. பாடசாலை ஆசிரியர் ஒருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் முறைவைத்துப் படிப்பிக்கிறார்கள். அதை ஒழுங்குசெய்பவர்களில் நானும் ஒருவன். பின்வாங்கில் இருந்து குறிப்பெடுப்பது என் வேலை. அந்தக் குறிப்புகளையும், பிறகு ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேசியதையும் வைத்தே இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள், நிலாவெளி, தம்பலகாமம் பக்கத்தவர்கள், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் என்று வாங்குகள் நிறையும். சாதியைப் பற்றி இந்த ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பூர்வீகமாக இங்கேயே இருந்தவர்கள், தலைமுறைகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்திருக்கும் நகரம் இது. கல்யாணப் பேச்சு வந்தால்தான் அது தலைகாட்டும். பிள்ளைகளுக்கும் ஓரளவு தெரியும்; தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டார்கள். பின்னால் நடந்தவற்றுக்கு இதுதான் அடித்தளம்.

கேள்வி எழுந்த விதம்

அன்று உலக வரலாற்றுப் பகுதி. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமைமுறை எப்படிக் காரணமானது என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகப் படிக்கிற, நிறைய வாசிக்கிற ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், அமெரிக்காவில அடிமை வைச்சிருந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லையாம். அப்ப ஏன் முழுச் சனத்தையும் குற்றம் சொல்லுறது?” கைபேசியில் பார்த்த ஒரு வீடியோவில் அப்படிச் சொல்லியிருந்ததாம்.

வகுப்பில் பலருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு சில பணக்காரர் செய்த வேலைக்கு மற்றவர்கள் என்ன செய்வது என்றார் ஒருவர். அப்படியென்றால் போருக்கு அது காரணமாக இருக்க முடியாதே என்றார் இன்னொருவர். பின்னால் இருந்த ஒரு குரல், “எங்கட ஆக்கள் இப்பிடியெல்லாம் வைச்சிருக்கேல்லத்தானே” என்றது. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கொப்பியை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதைக் கவனித்தேன்.

முதல் முடிவு: எண்ணை மறுக்காமல் எடுத்துக்கொள்வது

வகுப்பு முடிந்ததும் மூவரும் இருந்து பேசினோம். அது பிழையான தகவல் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை அதை ஏற்கவில்லை. அந்த எண் பொய்யில்லை என்பது அவர் சொன்ன காரணம். 1860 குடிசன மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் அடிமை உடைமையாளர் 393,975 பேர். சுதந்திர மக்கள் ஏறக்குறைய 2 கோடி 75 இலட்சம். வகுத்தால் 1.4 வீதம்தான் வரும். சரியான எண்ணைப் பிழை என்று சொன்னால் அந்த மாணவன் வீட்டுக்குப் போய்த் தானே கணக்குப் பார்ப்பான்; அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

அதனால் அடுத்த வகுப்பு முழுவதையும் அந்த ஒரு எண்ணுக்கே கொடுப்பது என்று முடிவானது. இணையத்தில் உலாவும் இப்படிப்பட்ட பாதி உண்மைகளை எதிர்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்கை உடைத்துப் பார்த்தது

கேள்வி கேட்ட மாணவனையே கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். மேலே 393,975 என்று எழுதினான். கீழே என்ன எழுதுவது என்பதில்தான் விசயம் இருந்தது.

நியூயோர்க், பென்சில்வேனியா, ஒகையோ என்று அடிமைமுறை சட்டத்திலேயே இல்லாத மாநிலங்களின் சனத்தொகையையும் சேர்த்துத்தான் 1.4 வருகிறது. அடிமைமுறை இருந்த 15 மாநிலங்களின் சுதந்திர மக்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 5 வீதம். சரி, இன்னும் குறைவுதானே என்றார்கள். அப்போது ஆசிரியை கேட்டார்: “உங்கட வீட்டுக் காணி உறுதி யாற்ற பேரில இருக்கு?” பெரும்பாலும் அப்பாவின் பெயரில், சிலருக்கு அம்மாவின் பெயரில், ஓரிருவருக்கு அம்மம்மாவின் பெயரில். “அப்ப நீங்கள் ஒருத்தரும் காணி இல்லாத ஆக்களா?”

வகுப்பு அந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. குடிசன மதிப்பீட்டில் உடைமையாளர் என்று பதியப்பட்டவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். மனைவியும் பிள்ளைகளும் அந்த 393,975இல் இல்லை. ஆனால் அடிமைகள் சமைத்த சோற்றைத் தின்றவர்களும், உழைத்த பணத்தில் படித்தவர்களும், பிறகு அடிமைகளை முதுசமாகப் பெற்றவர்களும் அவர்கள்தான். ஆகவே ஆளை விட்டுக் குடும்பத்தை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அடிமை மாநிலங்களில் நான்கில் ஒரு குடும்பம். நாட்டிலிருந்து பிரிந்து போய்ப் போரிட்ட 11 தென் மாநிலங்களில் 31 வீதம். தென் கரோலினாவில் 46, மிசிசிப்பியில் 49. மறுபக்கத்தில் டெலவெயரில் வெறும் 3 வீதம். அந்த மாநிலம் பிரிந்து போகவும் இல்லை.

மாணவன் மிசிசிப்பியின் கணக்கைத் தானே செய்தான். உடைமையாளர் 30,943. சுதந்திர மக்கள் 354,674 என்று வைத்து வகுத்தபோது 8.7 வந்தது. அதே 30,943ஐ 63,015 குடும்பங்களால் வகுத்தபோது 49 வந்தது. சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, “பகுதியெண்ணை மாத்தினா எல்லாம் மாறுது சேர்” என்றான்.

புளியங்கொட்டைகள்

இவ்வளவும் எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்பது மட்டும்தான். எவ்வளவு வைத்திருந்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு ஆசிரியை ஒரு பை புளியங்கொட்டையும் பத்துப் பேப்பர் கப்பும் கொண்டுவந்திருந்தார்.

பத்துக் கப் என்றால் மிசிசிப்பியின் பத்துச் சுதந்திரக் குடும்பங்கள். மாநிலத்தில் 436,631 அடிமைகள். அதே அளவில் சுருக்கினால் பத்துக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 70 பேர். ஆகவே 70 கொட்டை. ஐந்து கப் வெறுமை. மீதி ஐந்தில் அவர் போட்டது இப்படி: ஒன்றில் 2, ஒன்றில் 4, ஒன்றில் 9, ஒன்றில் 15, கடைசிக் கப்பில் 40. இந்தப் பங்கீடு விளக்கத்துக்காக அவர் அமைத்தது என்பதையும், மொத்தமும் வெறுமைக் கப்புகளின் எண்ணிக்கையும்தான் மதிப்பீட்டோடு ஒத்துப்போகின்றன என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். நாடு முழுவதையும் எடுத்தால் உடைமையாளரில் பாதிப்பேர் அளவில் ஐந்துக்கும் குறைவான அடிமைகளை வைத்திருந்தார்கள்; 20 பேருக்கு மேல் வைத்திருந்த தோட்ட முதலாளிகள் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அடிமைகளில் பாதிப்பேர் அளவில் அந்தப் பெரிய தோட்டங்களிலேயே இருந்தார்கள்.

பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். நாற்பது கொட்டை போட்ட கப் சாய்ந்துவிடாமல் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். வெறுமைக் கப்புக்காரன் ஏன் அடிமைமுறைக்காகச் சண்டைக்குப் போனான் என்று ஆசிரியர் கேட்டார். பதில்கள் நன்றாகவே வந்தன: நாளைக்குத் தானும் வாங்கலாம் என்ற ஆசை, பெரிய கப்புக்காரனிடம் கடன், வேலை, உறவு, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு. கடைசிப் பதிலைச் சொன்ன பிள்ளை மெதுவாகத்தான் சொன்னார். மிசிசிப்பி 1861இல் பிரிந்து போனபோது வெளியிட்ட பிரகடனத்தில் தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுதும் பிணைந்தது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள் என்பதை ஆசிரியர் சேர்த்துச் சொன்னார்.

அந்த ஆசை எவ்வளவு தூரம் நிறைவேறக்கூடியது என்பதையும் பார்த்தோம். 1860இல் அடிமைகளின் மொத்தச் சந்தைப் பெறுமதி குறைந்தது 300 கோடி டொலர்; நாட்டின் புகையிரதப் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போடப்பட்டிருந்த முதலைச் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. ஏறக்குறைய 40 இலட்சம் பேரால் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 750 டொலர். அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் நாட்சம்பளம் ஒரு டொலர் அளவில். விலை ஏற ஏறச் சின்னக் கமக்காரனுக்கு அது எட்டாமல் போனது. 1830 அளவில் தென் மாநிலங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அடிமை வைத்திருந்தன. 1860இல் அது நான்கில் ஒன்றாகக் குறைந்தது. அடிமைமுறை தளர்ந்துகொண்டு போனதால் ஏற்பட்ட குறைவு இல்லை இது. சொத்து குறைந்த கைகளில் போய்க் குவிந்ததால் ஏற்பட்டது.

இவ்வளவும் நாங்கள் திட்டமிட்டது. திட்டமிடாத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி அதுவரை பேசாமல் நின்றவர், மேசையைக் காட்டிக் கேட்டார்: “மிஸ், இந்தக் கொட்டைகளுக்கு ஒரு கப்பும் இல்லையா?”

அடிமைகளும் குடும்பங்கள்தானே, அவர்களை ஏன் பத்துக் கப்பில் சேர்க்கவில்லை என்பது அவருடைய கேள்வி. ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து வெறுமைக் கப்புகளை எடுத்துப் பத்தோடு சேர்த்து வைக்கத் தொடங்கினார். பத்துச் சுதந்திரக் குடும்பம் என்றால் 56 பேர் அளவு. எதிரே 70 பேர். மிசிசிப்பியின் சனத்தொகையில் 55 வீதம் அடிமைகள். சுதந்திர மக்களை மட்டும் எடுத்தால் பாதிக் குடும்பத்திடம் அடிமைச் சொத்து இருக்கிறது என்று படுகிறது. எல்லா மனிதரையும் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஒன்றுமே இல்லை. அது போக, மற்றவர்களின் சொத்துக் கணக்கிலே ஏறியிருப்பதும் அவர்கள்தான். சொத்துச் சமமின்மையை அளக்கிற யாரும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. பொருளியல் பாடம் நடத்துகிறவர்களும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1860 மதிப்பீட்டில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாக வரும். அடிமையின் பெயருக்கு, மிகச் சில இடங்கள் தவிர, நிரலே இல்லை. ஆனால் காங்கிரசில் ஆசனங்களைப் பங்கிடும்போது மட்டும் ஐந்தில் மூன்று என்ற கணக்கில் அவர்கள் எண்ணப்பட்டார்கள். அதனால் கூடிய ஆசனம் எசமான்களுக்கே போனது. இதைக் கேட்டதும் வகுப்பில் எழுந்த கோபத்தை எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

இழப்பீடு யாருக்கு

பிரித்தானியப் பேரரசு 1833இல் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண் இழப்பீடு ஒதுக்கியது. அது அரசாங்கத்தின் ஓர் ஆண்டுச் செலவில் 40 வீதம் அளவு. பணம் போனது ஏறக்குறைய 46,000 உரிமையாளருக்கு; அவர்களில் பெரிய தோட்ட முதலாளிகளோடு விதவைகளும் பாதிரிமாரும் இருந்தார்கள். விடுதலையான 8 இலட்சம் பேர் அளவில் ஒரு சதமும் பெறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் அதே எசமானுக்குச் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அந்த இழப்பீட்டுக்காகப் பட்ட கடன் 2015இல்தான் தீர்ந்தது.

இதை விரைவாகத்தான் சொல்லிக்கொண்டு போனார் ஆசிரியர். ஆனால் அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு எழுதப்பட்டிருந்தது என்று அவர் சொன்ன இடத்தில் வகுப்பு நின்றுவிட்டது. “ஏன் சேர், இங்க அடிமை இருந்ததா?” என்று கேட்டது, முதல் நாள் “எங்கட ஆக்கள் வைச்சிருக்கேல்லத்தானே” என்ற அதே குரல்.

இரண்டாவது முடிவு: ஊருக்கு வருவதா

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. எப்படிச் சொல்வது என்பதில் ஆசிரியர்கள் இருவரும் உடன்படவில்லை. பாடசாலை ஆசிரியர் தயங்கினார். அவர் தயக்கத்தை நான் மதிக்கிறேன்: ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகள் யார் எந்தப் பக்கம் என்று ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. ஆசிரியை சொன்னது வேறு. அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு கோபப்பட வைத்துவிட்டு இங்கே வந்ததும் வாயை மூடினால், அது பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும் என்றார்.

கடைசியில் மூன்று ஒழுங்குகளோடு நடத்துவது என்று ஒத்துக்கொண்டார்கள். யாரும் யாருடைய ஊர், குடும்பம், சாதியையும் கேட்கக் கூடாது. சட்டத்திலும் அரசு ஆவணத்திலும் உள்ளது மட்டும் பேசப்படும், ஊர்க்கதை வேண்டாம். சாதிப் பெயர்களை வாசிக்காமல் “சட்டம் குறிப்பிட்ட குழுவினர்” என்று மட்டும் சொல்வது.

அந்த வகுப்பில் சொல்லப்பட்டவை இவை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் தேசவழமையை எழுத்தில் கொண்டுவந்தார்கள். திசாவையாக, அதாவது ஒல்லாந்தரின் யாழ்ப்பாண நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததைப் பன்னிரண்டு தமிழ் முதலிமார் (ஊர்த் தலைவர்கள்) பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அதில் சீதனம், முதுசம், அடைமானத்தோடு அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. அடிமைகள் பற்றிய வழக்கம் என்ன என்று கேட்கப்பட்டது உடைமையாளர் வர்க்கத்தாரிடம்தான். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அடிமைத்தனம் தாய்வழியே பிள்ளைக்கு இறங்கியது. சீதனத்தில் காணி, நகை, மாட்டோடு அடிமையும் கைமாறியது.

வெளியிலிருந்து வந்த அடிமைகளும் உண்டு. 1690களில் தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது பட்டினியால் விற்கப்பட்டவர்களும் தங்களையே விற்றவர்களுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டே ஆண்டுகளில் யாழ்ப்பாணம் வழியாக இறக்கப்பட்டார்கள். ஒல்லாந்தர் அதற்குச் சுங்கமும் அறவிட்டார்கள். பிரித்தானியர் வந்த புதிதில் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கி இலங்கைப் படையில் சேர்த்தார்கள். அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் பிரதம நீதியரசராக இருந்தபோது, வீட்டடிமை வைத்திருந்த ஒல்லாந்த வழியினரும் பிறரும் 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க ஒப்புக்கொண்டார்கள். 1821இல் யாழ்ப்பாணப் பக்கத்தில் பிறக்கும் பெண்குழந்தைகளின் விடுதலையை அரசே உரிமையாளரிடம் சிறு தொகைக்கு வாங்கியது; தாய் விடுதலையானால் அதன் பிறகு பிறப்பவர்களும் விடுதலை என்ற கணக்கு. முழுமையாக ஒழித்த சட்டம் 1844இல் வந்தது.

தம்பலகாமத்து மாணவன் ஒருவன், திருக்கோணேச்சரக் கோயிலின் ஒழுங்குகளைச் சொல்லும் பழைய நூலான கோணேசர் கல்வெட்டைப் பற்றிக் கேட்டான். கோயிலுக்கு இன்னார் இன்ன தொழும்பு (ஊழியம்) செய்ய வேண்டும் என்று தானத்தார், வரிப்பத்தார் என்ற ஊழியக் குழுக்களாக வகுத்து எழுதியிருக்கிறதே, அதுவும் அடிமைமுறையா? நல்ல கேள்வி. அந்தக் கல்வெட்டின்படி ஊழியம் செய்தவர்களுக்கு வயலும் நெல்லில் பங்கும் கோயிலில் உரிமையும் இருந்தன என்று ஆசிரியை விளக்கினார். கட்டாயம் இருந்தது, ஆனால் அந்த ஆளைத் தூக்கி இன்னொருவருக்கு விற்க முடியாது. கடமை வேறு, உடைமை வேறு. இரண்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பெயர்கள்

அடுத்த வாரத்துக்குள் இரண்டு பெற்றோர் வந்தார்கள். ஒருவர் ஒரு மாணவனின் தகப்பன். மரியாதையாகத்தான் பேசினார். “சோதினைக்கு வராத விசயத்தை ஏன் ரீச்சர் கிளறுறியள்? எல்லாரும் இப்ப ஒண்டாத்தானே இருக்கிறம்” என்றார். மற்றவர் ஒரு மாணவியின் தாய். முதல் நாள் கொப்பியை மூடிய பிள்ளையின் தாய் அவர். அவருடைய பயம் வேறு: “பிள்ளை ஆரெண்டு வகுப்பில தெரிஞ்சுபோடுமோ?”

இருவரும் கேட்டது ஒன்றுதான், நிறுத்தச் சொல்லி. ஒருவர் நிறுத்தச் சொன்னது தன் குடும்பத்தின் காணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும் என்பதால் என்று ஆசிரியை நினைத்தார். அது அவர் ஊகம். நான் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். தாயின் பயத்துக்கு ஊகம் தேவையில்லை. அவர் வாழ்ந்து அறிந்தது அது.

அந்தத் தாயோடு பேசிய பிறகு வகுப்பை நிறுத்திவிடலாம் என்ற இடத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம். அதைத் தடுத்தது அவருடைய மகள். வகுப்பு முடிவில் எல்லாரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். ஆசிரியைதான் வாசிப்பார், வேறு யாருக்கும் காட்டப்படாது. தான் எழுதியதை இங்கே சேர்த்துக்கொள்ள அந்தப் பிள்ளை சம்மதித்தார். சுருக்கம் இது: வெள்ளைக்காரன் அடிமைகளுக்குப் பெயர் எழுதாமல் விட்டதற்கு எல்லாரும் கோபப்பட்டோம், பிறகு எங்கள் வகுப்பிலும் பெயரைச் சொல்லாமல் “குழுவினர்” என்று சொன்னீர்கள்.

இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. மூன்றாவது ஒழுங்கு கைவிடப்பட்டது. தாயிடம் ஆசிரியை வீட்டுக்குப் போய்ப் பேசினார். மகள் எழுதியதை மகளே வாசித்துக் காட்டினார். தாய் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளையை அனுப்பினார்.

அடுத்த வகுப்பில் தேசவழமையின் அந்தப் பகுதி உள்ளபடியே வாசிக்கப்பட்டது: கோவியர், சாண்டார், பள்ளர், நளவர். 1821 ஒழுங்குவிதி கோவியர், பள்ளர், நளவர் என்று குறிப்பிட்டதும் வாசிக்கப்பட்டது. சட்டம் இவர்களை அடிமை என்று எழுதியது. எழுதியவர்களும் ஒப்புக்கொண்டவர்களும் இன்னார். அதனால் யாருடைய காணியை யார் உழுதார்கள், விளைச்சல் யாருக்குப் போனது என்று ஆசிரியை அமைதியாக விளங்கப்படுத்தினார். 1844 சட்டம் ஆளை விடுவித்தது. காணியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விடுதலையானவர்கள் அடுத்த நாளும் அதே வயலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1865 தொடக்கத்தில் ஜெனரல் ஷேர்மன் விடுதலையானவர்களுக்கு நாற்பது ஏக்கர் வரை ஒதுக்கக் கட்டளையிட்டார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்த நிலங்களைப் பழைய சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். இங்கே கொடுத்துப் பறிக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் தேவைப்பட்டதும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போகவே போராட வேண்டியிருந்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான் விளங்கும்.

வகுப்பில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பார்களோ என்றுதான் நாங்கள் அதிகம் பயந்திருந்தோம்.

நடந்தவை

முறையிட்ட தகப்பனின் மகன் வருவதை நிறுத்திவிட்டான். ஆசிரியர் போய்ப் பேசியும் திரும்பவில்லை. அது எங்களுக்கு இழப்புத்தான். அவனும் கேட்டிருக்க வேண்டிய பாடம் அது.

முதலில் கேள்வி கேட்ட மாணவன் தன் எண்ணை இன்னும் கைவிடவில்லை. 1.4 சரியான எண், ஆனால் அது பதில் சொல்கிற கேள்வி வேறு என்று சொல்லுகிறான். அவனும் கிண்ணியா மாணவியும் சேர்ந்து கணக்கை ஒரு சுவர்த்தாளில் எழுதினார்கள்: இடப்பக்கம் மேலெண் ஒன்று, வலப்பக்கம் நான்கு பகுதியெண்கள், ஒவ்வொன்றுக்கும் வரும் விடை. கடைசி வரியில் அடிமைகளையும் மனிதராகச் சேர்த்த கணக்கு. அந்தத் தாள் இப்போதும் மண்டபத்தில் இருக்கிறது.

கொப்பியை மூடிய மாணவி இப்போது வகுப்பில் பேசுகிறார். நிறைய இல்லை. தேசவழமை வாசித்த அன்று, பன்னிரண்டு முதலிமாரில் ஒருவராவது இது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லியிருந்தால் சட்டம் மாறியிருக்குமா என்று கேட்டார். அதைப் பற்றி அரை மணித்தியாலம் வாதம் நடந்தது.

அடுத்த முறை மாற்றப்போகிறவை

அமெரிக்காவில் தொடங்கியதில் ஒரு நன்மை இருந்தது: தூரத்து விசயம் என்பதால் பிள்ளைகள் பயமில்லாமல் யோசித்தார்கள். ஆனால் இது மற்றவன் செய்த பாவம் என்ற நினைப்பு அதனால் இறுகியும் போனது. இலங்கை என்றதும் பலருக்கு அதிர்ச்சி வந்தது அதனால்தான். அடுத்த தொகுதிக்கு அமெரிக்கக் கணக்கையும் தேசவழமையையும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைப்பது என்று முடிவு. புளியங்கொட்டை இருக்கும். அடிமைகளுக்கான வெறுமைக் கப்புகளும் முதலிலிருந்தே மேசையில் இருக்கும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லப்படும். பாடசாலை ஆசிரியர் இதில் உறுதியாக இருக்கிறார்: பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லித் தாய் தகப்பன் கேள்விப்படுவது நல்லதில்லை. யாருடைய குடும்பத்தையும் கேட்கக் கூடாது என்ற ஒழுங்கு அப்படியே இருக்கும். எழுதிக் கொடுக்கும் பக்கத்தை ஆசிரியை மட்டும் வாசிப்பதும் இருக்கும். அது இல்லாமல் இந்த வகுப்பு சரியான இடத்துக்கு வந்திருக்காது.

காணியைப் பற்றிய பகுதிக்கு இன்னும் நேரம் வேண்டும். ஆள் விடுதலையாகிக் காணி விடுதலையாகாத இடத்தில் சமமின்மை எப்படித் தலைமுறை தாண்டியது என்பதை ஒரே வகுப்பில் சொல்ல முடியவில்லை. குத்தகை, வாரம், அடைமானம் ஆகியவற்றைத் தனியாக ஒரு நாளில் எடுக்க ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். பெற்றோருக்கான கடிதத்தையும் அவரே எழுதிவிட்டார். அதில் தேசவழமை என்றும், 1844 என்றும், அந்த நான்கு பெயர்களும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன.